விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு: ஒரே நேரம் நாலு விதமா வருது. கோடில் எப்படி ஒரே மாதிரி எழுதுறது?

#1 குத்தாலம்_கோடு

எல்லாருக்கும் வணக்கம். ஒரு பால் சங்கத்துக்குக் கொள்முதல் பதிவு மென்பொருள் எழுதுறோம். ஊர் மையத்துல ஆண்ட்ராய்டு போன், சங்க அலுவலகத்துல விண்டோஸ், சர்வர் லினக்ஸ், எழுதுறவங்கள்ல ஒருத்தர்கிட்ட மேக். பின்புலம் பைத்தான், திரை ஜாவாஸ்கிரிப்ட், போன் செயலி ஜாவா. நாலு தொல்லை:

ஒண்ணு, காலை 5.10க்கு ஊத்துன பால் முந்தின நாள் கணக்குல விழுது. 5.30 தாண்டி ஊத்துனது சரியா விழுது.

ரெண்டு, சில போன்லேருந்து வர்ற தேதியை சர்வர் படிக்கவே மாட்டேங்குது.

மூணு, சிஎஸ்வியை (காற்புள்ளியால பிரிச்ச எழுத்துக் கோப்பு) எக்செல்ல திறந்தா ஜூன் 5 மே 6 ஆயிடுது. 13ஆம் தேதிக்கு மேல மட்டும் நல்லா தெரியுது.

நாலு, 05ல இருக்குற பூஜ்யத்தை எடுக்க ஸ்ட்ரெஃப்டைம்ல (தேதியை எழுத்தா மாத்துற ஃபங்ஷன்) சதவீதக் குறி, கழித்தல் கோடு, சின்ன டின்னு போட்டிருக்கோம். லினக்ஸ், மேக் ரெண்டுலயும் ஓடுது. விண்டோஸ்ல வேல்யூ எரர்.

நாலுக்கும் தனித்தனி மருந்தா, இல்ல வேர் ஒண்ணுதானா?

#2 வெண்ணாறு

வேர் ஒன்றுதான். இயந்திரம் படிக்கவேண்டிய தேதியை, மனிதன் படிக்கும் வடிவத்தில் எழுதும் வேலையை ஒவ்வொரு இயங்குதளத்திடமும் விட்டிருக்கிறீர்கள். அது தன் லோகேலையும் (மொழி, நாடு அமைப்பு) தன் டைம்ஜோனையும் (நேர மண்டலம்) பார்த்துத் தனக்குப் பிடித்த மாதிரி எழுதித் தருகிறது.

முதல் தொல்லையில் 5.30 என்று நீங்களே துப்பைக் கொடுத்துவிட்டீர்கள். இந்திய நேரம் யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஜூன் 14 காலை 5.10 என்பது யுடிசியில் ஜூன் 13 இரவு 23:40. ஜாவாஸ்கிரிப்டில் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் கூப்பிட்டு முதல் பத்து எழுத்தை வெட்டித் தேதி என்று வைத்திருப்பீர்கள். அது யுடிசி தேதி. நள்ளிரவு முதல் 5.29 வரை நம் ஊரில் நடக்கும் எல்லாமே இந்தக் கோடில் நேற்று நடந்ததுதான். பகலில் உட்கார்ந்து சோதிப்பவர் கண்ணில் இது என்றைக்கும் படாது. பால், பூ, மீன் ஏலம் என்று விடியுமுன் நடக்கும் தொழிலுக்கு எழுதும்போதுதான் வெளியே வரும்.

சர்வர் பக்கமும் பாருங்கள். வாடகை லினக்ஸ் சர்வர் பெரும்பாலும் யுடிசியில்தான் வரும். அலுவலக விண்டோஸ் இந்திய நேரத்தில் இருக்கும். 'இப்போது' என்று கேட்கும் ஒரே வரி இரண்டிலும் வேறு பதில் தரும். பைத்தானில் யுடிசிநவ் என்ற பழைய ஃபங்ஷன் டைம்ஜோன் ஒட்டாத வெறும் நேரத்தைத் தரும். அதில் டைம்ஸ்டாம்ப் (1970 முதல் எண்ணிய விநாடி) கேட்டால் அதை உள்ளூர் நேரம் என்று நினைத்து, இந்திய நேரத்தில் இருக்கும் கணினியில் 19800 விநாடி பிசகிய எண்ணைத் தரும். 3.12 பதிப்பிலிருந்து அது கைவிடப்பட்ட பட்டியலில் இருக்கிறது. நவ் ஃபங்ஷனுக்கு டைம்ஜோன் டாட் யுடிசியைக் கொடுத்தே கூப்பிடுங்கள்.

எழுதும் வடிவம்: ஐஎஸ்ஓ 8601 (தேதி, நேரம் எழுதும் பன்னாட்டுத் தரம்), அதிலும் அதன் கட்டுப்பாடான கிளையான ஆர்எஃப்சி 3339. ஆண்டு-மாதம்-நாள், நடுவே டி என்ற எழுத்து, மணி:நிமிடம்:விநாடி, கடைசியில் ஆஃப்செட் (யுடிசியிலிருந்து எவ்வளவு தள்ளி என்பது). டிக்குப் பதில் இடைவெளி போட்டு இங்கே காட்டுகிறேன்:

2025-06-13 23:40:00.000+00:00

கடைசி +00:00 இருக்கும் இடத்தில் இசட் என்ற ஒற்றை எழுத்தும் போடலாம். பைத்தானின் ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மேட் அந்த இசட்டை 3.11இலிருந்துதான் ஏற்கும். அதற்குக் கீழே உள்ள பைத்தான் எங்காவது ஓடினால் +00:00 என்றே எழுதிவிடுங்கள்.

மில்லிவிநாடி மூன்று இலக்கம் எப்போதும் இருக்கட்டும், பூஜ்யமானாலும். பைத்தானின் ஐஎஸ்ஓஃபார்மேட், மைக்ரோவிநாடி சரியாகப் பூஜ்யமாக இருந்தால் பின்னப் பகுதியையே விட்டுவிடும். ஜாவாவின் இன்ஸ்டன்ட் தேவைக்கேற்ப 0, 3, 6, 9 இலக்கம் என்று நீட்டிக் குறைக்கும். ஆஃப்செட்டேட்டைம் இன்னும் ஒரு படி மேலே போய் விநாடி பூஜ்யமென்றால் விநாடியையே போடாது. நிலையான நீளத்தை எதிர்பார்க்கும் பார்சர் (எழுத்தைப் பிரித்துப் படிக்கும் நிரல்) என்றைக்கோ ஒருநாள், லட்சத்தில் ஒரு பதிவில், விழும். பைத்தானில் டைம்ஸ்பெக் என்ற அளவுருவுக்கு மில்லிசெகண்ட்ஸ் கொடுத்தால் நீளம் மாறாது.

நாலாவது தொல்லை: அந்தக் கழித்தல் கோடு சி மொழித் தரத்தில் இல்லை. ஜிலிப்சியும் (லினக்ஸின் சி நூலகம்) பிஎஸ்டி வழி வந்த மேக்கும் தாமாகச் சேர்த்தது. விண்டோஸில் அதே வேலைக்கு # குறி. பைத்தான் இதை அப்படியே கீழே உள்ள சி நூலகத்துக்குத் தள்ளிவிடுகிறது, அதனால்தான் தளத்துக்குத் தளம் பேதம். இரண்டையும் தொடாதீர்கள். நாள் எண்ணை முழு எண்ணாக எடுத்து நீங்களே ஒட்டுங்கள். சதவீதம் சின்ன எஸ் போட்டு யுனிக்ஸ் விநாடி எடுப்பதும் இதே ரகம், தரத்தில் இல்லை.

#3 அரசலாறு

ரெண்டாவது தொல்லை என் பக்கம் வரும், சொல்றேன் தம்பி. அந்த 'சில போன்' எல்லாம் மொழியைத் தமிழ்ல வச்சிருக்குற போனா இருக்கும், பாருங்க. ஜாவாவோட சிம்பிள்டேட்ஃபார்மேட்ல லோகேல் கொடுக்காம டிடி எம்எம்எம் ஒய்ஒய்ஒய்ஒய்னு எழுதியிருப்பீங்க. இங்கிலீஷ் போன்ல ஆங்கிலத்துல மூணெழுத்து மாசம் போகும். தமிழ் போன்ல '14 ஜூன் 2025'னு போகும். சர்வர் திருதிருன்னு முழிக்கும். அரபி மொழி போனா இருந்தா எண்ணே அரபி எண்ணா போகவும் வாய்ப்பு உண்டு. நம்ம பக்கத்து ஆளுங்க துபாய், குவைத்லேருந்து வாங்கிட்டு வர்ற போன்ல இதையும் எதிர்பாருங்க.

இயந்திரத்துக்கு அனுப்புறதுன்னா லோகேல் டாட் ரூட் (எந்த நாட்டையும் மொழியையும் சாராதது). அதைவிட நல்லது, இன்ஸ்டன்ட்டை அதுக்குன்னே இருக்குற ஐஎஸ்ஓ ஃபார்மேட்டர்ல எழுதுறது. ஜாவா டைம் தொகுப்பு ஆண்ட்ராய்டு ஏபிஐ 26லதான் உள்ள வந்துச்சு. அதுக்குக் கீழ இருக்குற போனையும் தாங்கணும்னா கிரேடில்ல (செயலியைக் கட்டுற கருவி) டீசுகரிங்கை (புது ஜாவா வசதியைப் பழைய போனுக்கும் தர்றது) ஆன் பண்ணுங்க.

ஐஃபோன் செயலி பின்னாடி எழுதுனா டேட்ஃபார்மேட்டர்ல லோகேலை என்-யுஎஸ்-போசிக்ஸ்னு வைக்காம நிலையான வடிவம் எழுதாதீங்க. பயனர் செட்டிங்ஸ்ல 24 மணி நேரத்தை மாத்துனா, நீங்க கேட்ட வடிவத்தையே அது மாத்திடும். ஆப்பிளே ஆவணத்துல சொல்லியிருக்குற விஷயம்.

அப்புறம் எழுத்து விளையாட்டு. ஜாவால பெரிய எம் மாசம், சின்ன எம் நிமிஷம். பெரிய எச் 24 மணி, சின்ன எச் 12 மணி. சின்ன எச் போட்டுட்டு ஏஎம் பிஎம் போட மறந்தா காலைப் பாலும் மாலைப் பாலும் ஒரே நேரத்துல ஊத்துன மாதிரி நிக்கும். ரொம்ப மோசமானது பெரிய ஒய். அது வாரக் கணக்கு ஆண்டு. 2024 டிசம்பர் 30 திங்கள். ஐஎஸ்ஓ கணக்குல அந்த வாரம் 2025ஓட முதல் வாரம். பெரிய ஒய் போட்டா 2025 டிசம்பர் 30னு அச்சாகும். வருஷம் முழுக்க ஒழுங்கா ஓடிட்டு மார்கழியில ரெண்டு மூணு நாள் மட்டும் கிறுக்குப் பிடிக்கும்.

ஆனா ஸ்ட்ரெஃப்டைம்ல தலைகீழ். அங்க பெரிய ஒய்தான் சரியான ஆண்டு, பெரிய ஜிதான் வார ஆண்டு. பெரிய எம் அங்க நிமிஷம், சின்ன எம் மாசம். ஜாவாவும் பைத்தானும் ஒரே டீம்ல எழுதுனா இதைச் சுவத்துல எழுதி ஒட்டிக்குங்க.

#4 கொள்ளிடக்கரை

விண்டோஸ் பத்தி யாரும் பேசல, நான் பேசுறேன்.

டைம்ஜோன் பேரே வேற. லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாம் ஐயானா பட்டியல்ல (உலக டைம்ஜோன் பேருங்களோட பொதுப் பட்டியல்) ஏஷியா/கொல்கத்தாம்பாங்க. விண்டோஸ் இந்தியா ஸ்டாண்டர்ட் டைம்னு தனக்குத் தானே ஒரு பேரு வச்சிருக்கு. பைத்தான்ல ஜோன்இன்ஃபோ 3.9லேருந்து இருக்கு, ஆனா விண்டோஸ்ல அதுக்குத் தரவு கிடையாது. டிஇசட்டேட்டான்னு தனிப் பொதியை பிப் வழியா போடணும். போடலன்னா ஜோன்இன்ஃபோ நாட் ஃபவுண்ட். ஆல்பைன் (ரொம்பச் சின்ன லினக்ஸ்) கன்டெய்னர்லயும் இதே கதை, அங்க டிஇசட்டேட்டாவை அதோட நிறுவியான ஏபிகேல சேர்க்கணும். கோ மொழின்னா டைம்/டிஇசட்டேட்டாவை இம்போர்ட் பண்ணா பைனரிக்குள்ளயே உட்காந்துக்கும், 1.15லேருந்து. டாட்நெட் 6லேருந்து விண்டோஸ்லயும் ஐயானா பேரை நேராக் கொடுக்கலாம்.

கல்கத்தாவா கொல்கத்தாவா? ஐயானால 2008லயே கொல்கத்தா ஆயிடுச்சு, பழைய பேரு மாற்றுப்பேரா நிக்குது. ஆனா ஜாவாஸ்கிரிப்டோட இன்ட்ல் (மொழி, நாடு வசதி) வழியா டைம்ஜோன் கேட்டா சில பிரவுசர்ல கல்கத்தான்னு வரலாம், சிலதுல கொல்கத்தான்னு வரும். கோடுல 'கொல்கத்தாவுக்குச் சமமா'ன்னு ஸ்ட்ரிங் ஒப்பீடு வச்சிருந்தா எடுத்துருங்க.

ஐஎஸ்டின்னு மூணெழுத்தை எங்கயும் சேமிக்காதீங்க. இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூணுக்கும் அதேதான். பத்தாததுக்கு, சதவீதம் பெரிய இசட் போட்டா லினக்ஸ்ல ஐஎஸ்டி வரும், விண்டோஸ்ல முழுப் பேரும் வரும்.

பைல் பேரு: விண்டோஸ்ல கோலன் ஆகாது. ஆகாதுன்னா எரர் வந்தா பரவால்ல. என்டிஎஃப்எஸ்ல (விண்டோஸோட கோப்பு முறை) ஒரே ஒரு கோலன் இருந்தா, மாற்றுத் தரவு ஓடைன்னு நெனச்சுக்கும். '2025-06-14 05:10'னு பைல் எழுதுனா '2025-06-14 05'னு காலி பைல் ஒண்ணு தெரியும், உள்ளடக்கம் '10'ங்குற ஓடைக்குள்ள ஒளிஞ்சிருக்கும். பேக்கப் பூஜ்யம் பைட்டா இருக்கேன்னு தேடுவீங்க. பைல் பேருக்கு ஐஎஸ்ஓவோட சுருக்க வடிவம் போதும்: 20250613, டி, 234000, கடைசியில இசட் (அதே காலை 5.10, யுடிசியில). அகர வரிசையே கால வரிசையாவும் வரும்.

பேட்ச் பைல்ல டேட் மாறியை நறுக்கித் தேதி எடுக்குற பழக்கத்தை விட்டுருங்க. கண்ட்ரோல் பேனல்ல ரீஜன் மாத்துன அடுத்த நிமிஷம் நறுக்குற இடம் மாறும், சாய்கோடு வந்துச்சுன்னா ஃபோல்டர் பாதைன்னு நெனச்சுக்கும். பழைய டபிள்யூஎம்ஐசி (தேதி எடுக்கப் பயன்பட்ட விண்டோஸ் கட்டளை) வித்தையும் இனிமே நம்பக்கூடாது, புது விண்டோஸ் 11ல அது இயல்பா வர்றதில்ல. பவர்ஷெல்ல கெட்-டேட்டுக்கு ஃபார்மேட் கொடுத்து எடுங்க.

டாட்நெட்ல ஒண்ணு. ஃபார்மேட்ல போடுற சாய்கோடும் கோலனும் எழுத்தில்ல, கல்ச்சரோட (டாட்நெட்ல லோகேலுக்கு இதான் பேரு) பிரிப்பான். இன்வேரியன்ட் (எந்த நாட்டையும் சாராத) கல்ச்சர் கொடுக்காம எழுதுனா இந்தியா ஆங்கிலத்துல சாய்கோடு போட்ட இடத்துல கழித்தல் கோடு வந்து நிக்கலாம். தாய்லாந்து கல்ச்சர்ல 2025க்குப் பதில் 2568 (புத்த ஆண்டு).

#5 குத்தாலம்_கோடு

ரொம்ப நன்றிங்க. அக்கா சொன்ன தமிழ் போன் விஷயம் சரிதான், லாக்ல 'ஜூன்'னு தமிழ்லயே நிக்குது. அப்போ எல்லாத்தையும் யுடிசியா மாத்திட்டா முடிஞ்சுதா?

#6 குடமுருட்டி

முடியாது. 'எல்லாம் யுடிசி' என்பது பாதி மருந்து, அதை முழு மருந்தாக விற்கிறார்கள்.

பால் கணக்கில் தேதி என்பது ஒரு கணம் அல்ல. 'ஜூன் 14, காலை' என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு கட்டம். எந்த விநாடியில் அளந்தார்கள் என்பது வேறு செய்தி. இரண்டையும் அட்டவணையின் ஒரே பத்தியில் (நெடுவரிசை) திணித்ததுதான் உங்கள் முதல் தொல்லை. மூன்று பத்தி வையுங்கள்: அளந்த கணம் யுடிசியில், கணக்குத் தேதி வெறும் தேதியாக, வேளை காலை அல்லது மாலை. கணக்குத் தேதியை ஒரே இடத்தில், ஏஷியா/கொல்கத்தா டைம்ஜோனை வெளிப்படையாகக் கொடுத்துக் கணக்கிட்டு எழுதிவிட்டு, பிறகு எவரும் மாற்றக்கூடாது. பைத்தானில் டேட், ஜாவாவில் லோக்கல்டேட், டாட்நெட்டில் டேட்ஒன்லி. டைம்ஜோன் மாற்றம் இந்தப் பத்தியைத் தொடவே கூடாது.

கணக்குத் தேதி நள்ளிரவில்தான் மாறும் என்றும் நினைக்காதீர்கள். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30க்கு முடிகிறது, யுடிசியில் 03:00. ஜூன் 14 மழையளவு என்று அறிவிப்பது 13 காலை 8.30 முதல் 14 காலை 8.30 வரை பெய்தது. ஐப்பசி அடைமழையில் சென்சார் தரவை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கூட்டி அரசு எண்ணோடு ஒப்பிட்டால் ஒத்துப்போகாது. மேட்டூர் நீர்மட்டம் 'காலை 8 மணி நிலவரப்படி' வருகிறது. அரை மணி வித்தியாசத்தில் இரண்டு 'நாள்' இருக்கிறது, இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுபவர்கள் கவனிக்க.

பிறந்த தேதி, கெடு தேதி எல்லாம் இதே வகை. ஜாவாஸ்கிரிப்டில் '2025-06-14' என்று வெறும் தேதியைக் கொடுத்தால் யுடிசி நள்ளிரவு என்று எடுக்கும். நேரமும் சேர்த்து ஆஃப்செட் இல்லாமல் கொடுத்தால் உள்ளூர் நேரம் என்று எடுக்கும். முதல் வகை நமக்கு காலை 5.30 ஆகத் தெரியும், தேதி மாறாது. சிங்கப்பூரில் திறந்தாலும் துபாயில் திறந்தாலும் மாறாது. அமெரிக்காவில் இருக்கும் மகன் திறந்தால்தான் ஒருநாள் பின்னே போகும். அதனால்தான் இங்கே எழுதும் கோடில் இந்தப் பிழை வருடக்கணக்கில் தூங்குகிறது.

எதிர்கால நிகழ்வுக்கும் யுடிசி மட்டும் போதாது. லண்டனில் அடுத்த மார்ச் கடைசியில் காலை 10 மணிக் கூட்டம் என்றால் உள்ளூர் நேரமும் டைம்ஜோன் பெயரும் வேண்டும். கோடைக்கால நேர விதியை அரசுகள் நடுவில் மாற்றும்.

#7 வெண்ணாறு

ஒப்புக்கொள்கிறேன், கணக்குத் தேதி தனிப் பத்திதான். ஒரு திருத்தம் மட்டும்: இந்தியாவுக்குள் மட்டும் ஓடும் செயலிக்கு +05:30 ஒட்டி எழுதினாலும் தவறில்லை. ஆஃப்செட் இருக்கும்வரை கணம் தெளிவு. ஆனால் எல்லாப் பதிவும் ஒரே ஆஃப்செட்டில் இருக்க வேண்டும். எஸ்க்யூஎல்லைட் என்ற சிறிய டேட்டாபேஸுக்குத் தேதி என்று தனி வகை கிடையாது, எழுத்தாகத்தான் ஒப்பிடும். பாதி +05:30, பாதி +00:00 என்று கலந்தால் வரிசை குலையும்.

டேட்டாபேஸ் பக்கம் சுருக்கமாக. எஸ்க்யூஎல்லைட்டின் 'நவ்' யுடிசி. மைஎஸ்க்யூஎல்லில் டைம்ஸ்டாம்ப் வகை செஷன் டைம்ஜோனைப் பார்த்து மாறும், டேட்டைம் வகை போட்டதை அப்படியே வைத்திருக்கும். அதன் கன்வர்ட் டிஇசட்டில் ஏஷியா/கொல்கத்தா என்று பெயர் கொடுத்து நல் (வெற்று மதிப்பு) திரும்பி வந்தால், டைம்ஜோன் அட்டவணைகள் ஏற்றப்படவில்லை என்று பொருள். போஸ்ட்கிரெஸ்ஸின் டைம்ஸ்டாம்ப்டிஇசட், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், டைம்ஜோனைச் சேமிக்காது. யுடிசியாக மாற்றிக் கணத்தை மட்டும் வைக்கும்.

#8 முள்ளியாறு

வாய்க்கால் மட்டம், மழைமானி, பால் தராசு இதிலெல்லாம் சின்னப் பெட்டி வைக்கிறவங்களுக்கு.

ஈஎஸ்பி32ல (சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு) டிஇசட் சரம் (டைம்ஜோனைச் சொல்ற எழுத்து) போசிக்ஸ் (யுனிக்ஸ் தரம்) முறைப்படி எழுதணும், அதுல குறி தலைகீழ். இந்தியாவுக்கு ஐஎஸ்டி-5:30. கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருக்குறதுக்கு மைனஸ். பிளஸ் போட்டா 11 மணி நேரம் பிசகும். விண்டோஸ்ல டிஇசட் என்விரான்மென்ட் மாறிக்கு ஏஷியா/கொல்கத்தான்னு வச்சாலும் வம்புதான், அங்க சி நூலகத்துக்கு ஐயானா பேரு புரியாது, நேரம் தப்பாயிடும்.

ராஸ்ப்பெரி பை (உள்ளங்கை அளவு கணினி) 4 வரைக்கும் பேட்டரி கடிகாரம் கிடையாது. கரன்ட் போய் வந்து நெட்டும் இல்லன்னா பழைய நேரத்துலேருந்து ஓட ஆரம்பிக்கும். டிஎஸ்3231ங்குற கடிகாரச் சில்லைப் போடுங்க, பிசகு 2 பிபிஎம்னா (பத்து லட்சத்துல ரெண்டு) வருஷத்துக்கு ஒரு நிமிஷம்தான் பிசகும். டிஎஸ்1307ல சாதாரண கிரிஸ்டல், மாசத்துக்கே ஒரு நிமிஷம் போகலாம். ரெண்டுலயும் யுடிசியை வைங்க. இன்னொண்ணு: நெட் நேரம் கிடைச்சுதாங்குறதை ஒவ்வொரு பதிவோடயும் ஒரு கொடியா அனுப்புங்க. ஆண்டு 1970ன்னு வர்ற பதிவைச் சர்வர்ல தனியா ஒதுக்கணும், தூக்கிப் போடக்கூடாது. பதிவு எண்ணை வச்சு நேரத்தைப் பின்னாடி மீட்கலாம்.

எஸ்டி கார்டு ஃபேட் வடிவத்துல இருந்தா பைல் நேரம் உள்ளூர் நேரம், டைம்ஜோன் குறிப்பே இல்ல, எழுதுன நேரம் 2 விநாடிக்கு ஒரு படி. என்டிஎஃப்எஸ் யுடிசி. அதனால பைல் நேரத்தை வச்சு 'எது புதுசு'ன்னு முடிவு பண்ற கோடு கார்டுலேருந்து காப்பி பண்ணும்போது ஏமாறும்.

ஒரே கணினியில விண்டோஸும் லினக்ஸும் இருந்து, மாத்தி மாத்தி பூட் பண்ணா ஐந்தரை மணி பிசகுதா? மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம்னு படிக்குது, லினக்ஸ் யுடிசின்னு படிக்குது. மென்பொருளைத் திட்டறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

32 பிட் டைம்_டி (1970லேருந்து விநாடியை எண்ணுற மாறி) இருக்குற பெட்டிங்க 2038 ஜனவரி 19, நம்ம நேரம் காலை 8:44:07 வரைக்கும்தான். இன்னைக்கு வயல்ல நடுற பெட்டி அதுவரைக்கும் நிக்குமாங்குறது வேற கேள்வி.

#9 குத்தாலம்_கோடு

எக்செல் தொல்லை பாக்கி இருக்குங்க. சங்கத்துச் செயலாளர் சிஎஸ்வியைத்தான் கேக்குறார்.

#10 கொள்ளிடக்கரை

அந்தக் கணினி ரீஜன் அமெரிக்கா ஆங்கிலத்துல இருக்கு, பந்தயம் கட்டுறேன். விண்டோஸ் போட்டவர் நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு போயிருப்பார். 05/06/2025ஐ மே 6ன்னு தேதியா மாத்திடும். 13/06/2025ல பதிமூணாவது மாசம் இல்லாததால எழுத்தாவே விட்டுடும். அதான் '13க்கு மேல நல்லா தெரியுது', ஆனா அது தேதியே இல்ல. கண்டுபிடிக்கச் சுலப வழி: பத்தியை அகலமாக்குங்க. வலப்பக்கம் ஒட்டி நின்னா தேதி, இடப்பக்கம் ஒட்டி நின்னா எழுத்து. ஒரே பத்தியில ரெண்டும் இருந்தா ஏற்கெனவே கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். அந்த பைலை சேவ் பண்ணி சர்வருக்குத் திருப்பி ஏத்தாதீங்க, பாதித் தேதி நிரந்தரமா மாறிடும்.

ஏற்றுமதியில 2025-06-05ன்னு எழுதுங்க, எந்த ரீஜன்லயும் ஜூன் 5தான். ஆனா சிஎஸ்வியாவே சேவ் பண்ணா திரையில தெரியுற வடிவத்துலதான் திரும்ப எழுதும், அதனால சங்கத்துக்கு நேரா எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (எக்செல்லோட சொந்தக் கோப்பு) கொடுத்துடுறது உத்தமம். அதை எழுதுற பைத்தான் நூலகமான ஓபன்பைஎக்செல்ல உண்மையான டேட் மதிப்பை வச்சு, செல் வடிவத்தை டிடி-எம்எம்-ஒய்ஒய்ஒய்ஒய்னு கொடுங்க. டைம்ஜோன் ஒட்டுன நேரத்தை அது ஏத்துக்காது, இந்திய நேரத்துக்கு மாத்தி ஜோனைக் கழட்டிட்டுப் போடணும்.

உள்ள அது வெறும் எண்தான். 2025 ஜூன் 14ன்னா 45822. 25569ஐக் கழிச்சா 1970லேருந்து நாள் கணக்கு. பழைய மேக் எக்செல்லேருந்து வந்த பைல்னா 1904 முறையில இருக்கலாம், 1462 நாள் தள்ளி நிக்கும். எல்லாத் தேதியும் நாலு வருஷம் ஒரு நாள் பிசகுனா அதுதான்.

#11 அரசலாறு

திரையில தமிழ்ல காட்டுறதுக்கு: இன்ட்ல் டேட்டைம்ஃபார்மேட்ல டிஏ-ஐஎன் லோகேலும் டைம்ஜோனும் ரெண்டையும் கொடுங்க. தமிழ் லோகேல்ல வேளைச் சொல் மணிக்கு முன்னாடி வரும், நமக்குப் பழக்கமான வரிசைதான். ஆனா அந்த எழுத்தைத் திருப்பிப் படிக்கவோ, சோதனையில ஒப்பிடவோ கூடாது. சிஎல்டிஆர் (லோகேல் வடிவங்களோட பொதுத் தொகுப்பு) தரவு பதிப்புக்குப் பதிப்பு மாறும். 42ஆம் பதிப்புல அமெரிக்க ஆங்கில நேரத்துல ஏஎம், பிஎம் முன்னாடி இருந்த சாதாரண இடைவெளியைக் குறுகிய உடையா இடைவெளியா மாத்துனாங்க. கண்ணுக்கு ஒரே மாதிரி. நோட் 20, ஜாவா 20 பக்கம் போனவங்களோட பார்சர் எல்லாம் விழுந்துச்சு.

பால் ரசீதுல அச்சாகுறது எப்பவும் ஒரே மாதிரி இருக்கணும்னா லோகேலை நம்பாம, பன்னிரண்டு மாசப் பேரை நீங்களே ஒரு பட்டியலா வச்சுக்குங்க. ஸ்ட்ரெஃப்டைமோட வடிவச் சரத்துக்குள்ள தமிழ் எழுத்தைப் போடாதீங்க, விண்டோஸ் லோகேலைப் பொறுத்து முரண்டு பண்ணும். ரசீதுல 12.10ன்னு மொட்டையாப் போடாதீங்க. 'சனி ராத்திரி 12.10'ன்னு நம்ம ஊர்ல சொன்னா காலண்டர்ல அது ஞாயிறு.

#12 வெண்ணாறு

கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) வழியாக ஓடும் வேலை இருந்தால்: அதன் பட்டியலான கிரான்டேபில் சதவீதக் குறிக்குப் புது வரி என்று பொருள். டெர்மினலில் ஓடிய டேட் கட்டளை அங்கே பாதியில் அறுந்து நிற்கும். ஒவ்வொரு சதவீதத்துக்கு முன்பும் பின்சாய்கோடு போடுங்கள், அல்லது தனி ஸ்கிரிப்டில் வையுங்கள். கிரானின் லோகேலும் உங்கள் டெர்மினல் லோகேலும் ஒன்றல்ல, ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் எல்சி_ஆல் என்ற லோகேல் மாறியை சி என்று வைத்துவிடுங்கள். மேக்கில் எழுதுபவரிடம் சொல்லுங்கள்: 'நேற்று' எடுக்க க்னூ டேட்டில் சின்ன டி விருப்பம், மேக்கில் சின்ன வி. ஒன்று மற்றதில் ஓடாது. ஷெல்லில் தேதிக் கணக்கே போடாமல் பைத்தானைக் கூப்பிடுவதுதான் என் வழக்கம்.

சோதனைக்கு இந்தக் கணங்களை வையுங்கள்: இந்திய நேரம் 00:00:00, 05:29:59, 05:30:00, மதியம் 12.05, நள்ளிரவு 12.05, ஜூன் 5, 2024 பிப்ரவரி 29, 2024 டிசம்பர் 30, மில்லிவிநாடி பூஜ்யமான ஒரு கணம். சர்வரை யுடிசியிலும் இந்திய நேரத்திலும் நியூயார்க் நேரத்திலும் வைத்து மூன்று முறை ஓட்டுங்கள். மூன்றிலும் வெளியீடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

பிசகின் அளவே பிழையைக் காட்டிக்கொடுக்கும். ஐந்தரை மணி என்றால் எங்கோ ஜோன் விடுபட்டது. 11 மணி என்றால் குறி தலைகீழ். 23 நிமிடம் என்றால் பைட்இசட்டின் (பழைய பைத்தான் டைம்ஜோன் நூலகம்) ஜோனை டேட்டைமுக்குள் நேராகக் கொடுத்திருக்கிறீர்கள். அது +05:53 என்ற பழைய உள்ளூர் நேரத்தை எடுக்கும். லோக்கலைஸ் வழியாகப் போங்கள், அல்லது ஜோன்இன்ஃபோவுக்கு மாறுங்கள். 1945 அக்டோபருக்கு முந்தைய சில தேதிகளில் +06:30 வந்தால் பதறவேண்டாம், போர்க்காலத்தில் இந்தியாவில் கடிகாரம் உண்மையிலேயே ஒரு மணி முன்னே ஓடியது.

#13 குத்தாலம்_கோடு

கடைசியா ஒண்ணு. ஏற்கெனவே தப்பா விழுந்த பதிவுகளை எப்படித் திருத்துறது? அளந்த கணம் யுடிசியா டேட்டாபேஸ்ல இருக்கு. தேதிப் பத்திதான் தப்பு.

#14 குடமுருட்டி

கணம் இருப்பதால் பிழைத்தீர்கள். தேதி மட்டும் வைத்திருந்தால் வழியே இல்லை.

முதலில் முழு பேக்கப். பழைய தேதிப் பத்தியை அழிக்காமல் பக்கத்தில் கணக்குத் தேதி என்று புதுப் பத்தி சேருங்கள். கணத்தை ஏஷியா/கொல்கத்தாவுக்கு மாற்றித் தேதியை மட்டும் அதில் நிரப்புங்கள். இரண்டும் வேறுபடும் வரிகளை எண்ணுங்கள். அவை எல்லாமே யுடிசியில் 18:30க்கும் 23:59க்கும் இடைப்பட்ட கணமாக, வேளை காலையாக இருக்க வேண்டும். மாலைப் பால் ஒன்று அதில் வந்தாலும் நிறுத்துங்கள், போன் கடிகாரமே தப்பாக இருந்த பதிவு அது, கையால் பார்க்க வேண்டும். எண்ணிக்கை சரியென்றால் திரைகளைப் புதுப் பத்திக்கு மாற்றுங்கள்.

பட்டுவாடா முடிந்த பட்டியலில் உள்ள வரிகளை மட்டும் நேராக மாற்றாதீர்கள். பட்டியலின் முதல் நாளும் கடைசி நாளும்தான் பணத்தைத் தொடும், நடுவில் உள்ளவை ஒரே பட்டியலுக்குள் நகரும். அந்த விளிம்பு வரிகளுக்கு அடுத்த பட்டியலில் திருத்தப் பதிவாகக் கூட்டிக் கழித்துக் காட்டுங்கள். பழைய ரசீது உறுப்பினர் கையில் இருக்கிறது.